முதல் முதலீட்டு வீடு: இந்தப் பயத்தை நான் கேட்க வேண்டுமா, மீற வேண்டுமா?

தயங்கி நிற்பவர்:
வணக்கம். ஒரு சிறிய வீட்டின் விலையில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குப் பணம் சேர்த்து வைத்திருக்கிறேன். மீதியைக் கடனாகப் பெற்று வாங்கி வாடகைக்கு விட்டால், வாடகையே மாதத் தவணையைக் கட்டிவிடும் என்று நண்பர்கள் உறுதியாகச் சொல்கிறார்கள். ஓராண்டாக வீடுகளைப் பார்த்து வருகிறேன். முன்பணம் கொடுக்கும் நாள் நெருங்கும்போதெல்லாம் ஏதேனும் ஒரு சாக்கைச் சொல்லிப் பின்வாங்கிவிடுகிறேன். இது பழக்கமின்மையால் வரும் நடுக்கமா, மதிக்க வேண்டிய எச்சரிக்கையா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

கணக்குப்பிள்ளை:
நண்பர்கள் சொன்னதைக் காகிதத்தில் போட்டுப் பார்ப்போம். வீட்டின் விலை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு வாடகை 5 வருகிறதென்றால், குடியிருப்பவர் மாறும் இடைவெளியில் வீடு ஒரு மாதம் காலியாகக் கிடந்தாலே அதில் ஏறத்தாழ 0.4 குறைந்துவிடும், பழுதுபார்ப்பு, சொத்து வரி, காப்பீடு ஆகியவற்றுக்கு 1 ஒதுக்கினால் கையில் நிற்பது 3.6 மட்டுமே. கடன் 80, வட்டி 9 சதவீதம், காலம் 20 ஆண்டுகள் என்றால் ஆண்டுத் தவணை சுமார் 8.6 ஆகும். ஆக, ஆண்டுதோறும் 5 உங்கள் சம்பளத்திலிருந்து போக வேண்டும். அதோடு, தொடக்கத் தவணைகளில் ஆறில் ஐந்து பங்கு வட்டிக்கே சென்றுவிடுவதால் அசல் மிக மெதுவாகத்தான் கரையும். வட்டி குறைவாகவும் வாடகை கூடுதலாகவும் உள்ள சூழலில் இக்கணக்கு தலைகீழாகவும் மாறலாம். எனவே உங்கள் எண்களை இட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. விலை 10 சதவீதம் இறங்கினால் வீட்டின் மதிப்பு 90, கடன் அதே 80. நீங்கள் போட்ட 20இல் பாதி, ஏட்டளவிலாவது, போய்விடுகிறது. ஏறும்போதும் இதே பெருக்கம் வேலை செய்யும் என்பதால்தான் எல்லோருக்கும் இதில் ஆசை. உங்கள் பயம் வீட்டைப் பற்றியதன்று, கடனைப் பற்றியது என்றே எனக்குத் தோன்றுகிறது.

மூன்றாம் மாடிக்காரர்:
கணக்குச் சரி, ஆனால் எனக்கு அடி விழுந்தது வேறிடத்தில். சேமிப்பு முழுவதையும் முன்பணமாகக் கொடுத்துவிட்டேன்; பதிவுச் செலவுக்கே கைமாற்று வாங்க நேர்ந்தது. மூன்றாம் மாதம் குளியலறைச் சுவரில் நீர் கசிந்து கீழ்வீட்டுக்காரர் வந்து நின்றபோது, என்னிடம் பழுதுபார்க்கப் பணமில்லை. வீட்டில் ஒரு சுவரை மட்டும் விற்றுப் பணமாக்க முடியாதல்லவா? ஆறு மாதத் தவணையும் ஒரு பெரிய பழுதுக்கான தொகையும் தனியே இருந்தாலன்றி வாங்காதீர்கள்.

பத்திரங்களை நீங்களே கட்டணம் கொடுத்து அமர்த்தும் வழக்கறிஞரிடம் காட்டுங்கள்; விற்பவரோ தரகரோ அழைத்து வருபவரிடம் வேண்டாம். உரிமை யார் யாருக்கு இருக்கிறது, அடமானம் ஏதும் நிலுவையில் உள்ளதா, கட்டடம் அனுமதித்தபடிதான் எழுப்பப்பட்டதா என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

சிறுதுளி:
கடனே வேண்டாமென்றால் ‘ரீட்’ எனப்படும் ரியல் எஸ்டேட் முதலீட்டு அறக்கட்டளைகளும் உண்டு. 1960இல் அமெரிக்கச் சட்டம் வழியமைத்த ஏற்பாடு இது. பலருடைய பணத்தைத் திரட்டிக் கட்டடங்களை வாங்கி, வாடகை வருவாயின் பெரும்பகுதியைப் பகிர்ந்தளிப்பார்கள். சந்தையில் பட்டியலிடப்பட்டவற்றில் சிறு தொகையோடு நுழையலாம், வேண்டும்போது விற்கலாம். விலை நாள்தோறும் ஏறி இறங்கும் என்பதால், தினமும் எடுத்துப் பார்க்கும் சுபாவமுள்ளவருக்கு இதுவும் தூக்கத்தைக் கெடுக்கும்.

தயங்கி நிற்பவர்:
அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு என் எண்களை இட்டுப் பார்த்தேன். ஆண்டுப் பற்றாக்குறை ஏறக்குறைய இரண்டு மாதச் சம்பளம்; அதைத் தாங்க முடியும். ஆனால் ஆறு மாதத் தவணையை எடுத்து வைத்தால் முன்பணம் ஐந்தில் ஒரு பங்கை எட்டவில்லை. பின்வாங்கியதற்கு நான் இதுவரை சொல்லிவந்த சாக்குகளில் இது ஒருமுறைகூட வந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை பார்க்கவிருந்த வீட்டுக்குப் போகத்தான் போகிறேன். முன்பணம் கொடுப்பதற்காக அல்ல, அதே கட்டடத்தில் குடியிருப்பவர்கள் உண்மையில் எவ்வளவு வாடகை கொடுக்கிறார்கள் என்று கேட்டு வருவதற்காக.