மூன்றாம் வகுப்பில் முதலில் எது: தமிழ்99 தட்டச்சா, ஸ்க்ராட்சா?

கரும்பலகை:
"மூன்றாம் வகுப்பில் ஸ்க்ராட்ச் சொல்லிக்கொடுத்தால் போதும், தட்டச்செல்லாம் பிள்ளைகள் தானாகப் பழகிவிடும்" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. நான் அரசுத் தொடக்கப்பள்ளி ஆசிரியை. ஸ்க்ராட்ச் என்பது பிள்ளைகளுக்கு நிரலாக்கம், அதாவது கணினிக்குக் கட்டளை எழுதுவது, பழக்கும் செயலி. அதில் திரையில் உள்ள பூனையை நகர்த்த, கட்டளைக் கட்டங்களை இழுத்துப் போட்டால் போதும். அது "வணக்கம்" சொல்ல வேண்டுமென்றால் அடித்தாக வேண்டும். அங்கேதான் பிள்ளைகள் கையைப் பிசைகிறார்கள். முதலில் தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை முறை, அப்புறம் மற்றதெல்லாம்.

நிரலன்:
அந்த ஒருவன் நான்தான் டீச்சர், பெயர் சொல்லியே திட்டியிருக்கலாம். இங்கிலாந்தில் 2014 முதல் 5 வயதுப் பிள்ளைகளின் பாடத்திட்டத்திலேயே அல்காரிதம், அதாவது ஒரு வேலையைப் படிப்படியாகச் செய்யும் வழிமுறை, இருக்கிறது. நீங்கள் இன்னும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் காலத்தில் நிற்கிறீர்கள். ஆங்கில எழுத்தில் ஒலியை அடித்தால் தமிழ் வந்துவிடுகிறது. பாதி உலகம் அப்படித்தான் அடிக்கிறது.

கரும்பலகை:
பாதி உலகம் மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கவில்லை சார். ஆங்கில எழுத்துகளிலேயே தடுமாறும் பிள்ளை, "அம்மா"வுக்கு ஏ, எம், எம், ஏ, ஏ என்று தேட வேண்டுமா? தமிழ்99இல் அ, ம, ம, ஆ. நான்கே தட்டு, புள்ளி தானாக விழும். உயிர் இடக்கையில், மெய் பெரும்பாலும் வலக்கையில். மெய்யோடு உயிர் சேர்ந்தால் உயிர்மெய் என்று வகுப்பில் படித்ததைத்தான் விரலும் செய்கிறது.

நிரலன்:
நான்குக்கும் ஐந்துக்கும் இவ்வளவு சண்டையா? தமிழ் எழுத்து அச்சிட்ட கீபோர்டு எந்தப் பள்ளியில் இருக்கிறது, சொல்லுங்கள்.

கரும்பலகை:
ஸ்டிக்கர் ஒட்டலாம், அட்டையில் வரைந்து மேசையில் வைக்கலாம். தமிழ்99 விண்டோஸிலேயே இருக்கிறது. 1999 தமிழ் இணைய மாநாட்டுக்குப் பிறகு தமிழக அரசே ஏற்ற அமைப்பு இது. நான்கு தட்டு என்பது உங்களுக்குச் சின்ன விஷயம், எட்டு வயதுப் பிள்ளைக்கு அப்படி இல்லை.

தேனிக்காரன்:
எதற்குத் தட்ட வேண்டும்? என் பையன் மைக்கை அழுத்திப் பேசுகிறான், போன் எழுதிவிடுகிறது.

கரும்பலகை:
ஒரே அறையில் முப்பது பிள்ளைகள் சேர்ந்து பேசினால் எந்தப் போன் எழுதும் அண்ணே? அது ள, ழ மாற்றிப் போட்டால் யார் திருத்துவது? திருத்தவும் அடிக்கத் தெரிய வேண்டும்.

பிஎட்_கணினி:
எல்லாரும் தட்டுகளை எண்ணுங்கள். கணினி அறிவியலில் பி.எட். முடித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கிறோம். மாநிலப் பாடத்திட்டத்தில் பதினோராம் வகுப்பில்தான் அது தனிப்பாடமாகவே வருகிறது. தொடக்கப்பள்ளியில் எங்களை நியமித்தால் இந்தச் சண்டையே வராது.

கரும்பலகை:
நியமனம் வரட்டும் தம்பி, நானும் கேட்கிறேன். ஆனால் ஒன்றாம் வகுப்புக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்தவளுக்கு அதைக் கீபோர்டில் காட்டத் தெரியாது என்று நினைக்காதீர்கள். நிரலாக்கத்துக்கு என்ன அவசரம்? 2020 தேசியக் கல்விக் கொள்கையே அதை ஆறாம் வகுப்பிலிருந்துதான் வைத்திருக்கிறது.

நிரலன்:
ஓ, அந்தக் கொள்கையை இப்போது நீங்கள் துணைக்கு அழைக்கிறீர்களா? அப்படியானால் மும்மொழியும் சரிதானே?

தேனிக்காரன்:
அதானே. தமிழ் தமிழ் என்றவர் இப்படிப் பேசலாமா?

கரும்பலகை:
நான் சொன்னது வகுப்புக் கணக்கு, மொழிக் கணக்கு இல்லை. இருமொழிக் கொள்கையில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்தும் கிடையாது. பேச்சைத் திருப்பாதீர்கள். "பள்ளி" என்று அடிக்க தமிழ்99இல் எத்தனை தட்டு? ப, ள, ள, இ. அதிலும் நான்குதான். உங்கள் முறையில் ளகரத்துக்கு ஷிப்ட்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும்.

நிரலன்:
நான் எழுதியதற்கு இன்னும் பதில் வரவில்லை. சிந்திக்கக் கற்பதுதான் கணினிக் கல்வி, விரல் பழக்கம் இல்லை. பத்து வருடமாக மென்பொருள் எழுதுகிறேன், தமிழ்99 எனக்குத் தேவைப்படவே இல்லை.

கரும்பலகை:
உங்களுக்குத் தேவைப்படாததால் என் வகுப்புக்கும் வேண்டாமா? ஒருநாள் வந்து ஏ, எம், எம், ஏ, ஏ என்று நீங்களே சொல்லிக்கொடுத்துப் பாருங்கள்.

பிஎட்_கணினி:
அவர் வரலாம், நாங்கள் மட்டும் வரக்கூடாது. அப்படித்தானே டீச்சர்?