கொசப்பேட்டை வீடு: தீபாவளிக்கு முன் ஓர் ஊசி

சனிக்கிழமை

பெரியப்பா, காலை 7:10
அனைவருக்கும் வணக்கம். சென்ற தீபாவளிக்கு நாம் பதினேழு பேரும் இங்கே கூடியதும், மூன்றாம் நாள் வீடே இருமலில் கிடந்ததும், அம்மாவை, பிள்ளைகளுக்கு ஆயாவை, எட்டு நாள் மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்துப் பார்த்ததும் யாருக்கும் மறந்திருக்காது. இந்த ஆண்டு வருகிறவர்கள் எல்லோரும் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொண்டு வர வேண்டும் என்பது என் விருப்பம். பண்டிகைக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது.

காட்பாடி அத்தை, 7:32
நல்ல யோசனை, அண்ணா. ஆனால் அம்மாவுக்கு மார்கழியில்தானே போட்டோம்? ஒரு வருடம்கூட ஆகவில்லையே, மறுபடியும் எதற்கு?

பாகாயம் அக்கா, 7:50
அத்தை, இது அம்மைத் தடுப்பூசியைப் போலப் போட்டுவிட்டு மறந்துவிடக்கூடிய ஊசி அன்று. ஃப்ளூ வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால், எந்த வகைகளைச் சேர்க்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இரண்டு முறை, வட அரைக்கோளத்துக்குப் பிப்ரவரியிலும் தென் அரைக்கோளத்துக்குச் செப்டம்பரிலும், பரிந்துரை செய்கிறது. அதோடு, உடம்பில் உண்டான எதிர்ப்பும் மாதங்கள் போகப் போகக் குறைகிறது. ஊசி வேலை செய்யத் தொடங்க ஏறக்குறைய இரண்டு வாரம் பிடிக்கும் என்பதால், ஐப்பசி அடைமழை தொடங்குவதற்குள் போட்டுவிடுவது நல்லது.

குடியாத்தம் சித்தப்பா, 8:05
அண்ணன் சொல்வதற்கு முன்பே நான் முந்திக்கொண்டேன். எனக்கும் உங்கள் சித்திக்கும் தறியில் வேலை செய்யும் பையனுக்குமாக மூன்று ஊசி மருந்து நேற்று மாலையே வாங்கி வந்துவிட்டேன். நாலாயிரத்துச் சொச்சம் ஆயிற்று. திங்கட்கிழமை டாக்டரிடம் கொண்டுபோய்ப் போட்டுக்கொள்வோம்.

பாகாயம் அக்கா, 8:06
சித்தப்பா, அதை எங்கே வைத்திருக்கிறீர்கள்?

குடியாத்தம் சித்தப்பா, 8:09
பத்திரமாக ஃப்ரீசரில், பேரனுடைய குல்பிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். கடைக்காரர் குளிர்ச்சியிலேயே இருக்க வேண்டும் என்று சொன்னார்.

பாகாயம் அக்கா, 8:21
மன்னித்துக்கொள்ளுங்கள் சித்தப்பா, அந்த மூன்றையும் இனிப் போட்டுக்கொள்ளக் கூடாது. இந்த மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரையில்தான் இருக்க வேண்டும். ஒருமுறை உறைந்துவிட்டால் வீரியம் போய்விடும். உருகிய பிறகு பார்த்தால் பழையபடியே தெளிவாகத் தெரியும் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. கெட்டுப்போன பாலைப் போல முகர்ந்து கண்டுபிடிக்க வழியில்லை. எங்கள் வார்டில் தடுப்பூசி வைக்கும் பெட்டியின் வெப்பநிலையை, ஞாயிற்றுக்கிழமையானாலும், காலையும் மாலையும் பார்த்து ஏட்டில் எழுதுகிறோம். வெளியே எடுத்துச் செல்லும்போதுகூட ஐஸ் பொதியை ஃப்ரீசரிலிருந்து எடுத்தவுடன் பெட்டிக்குள் வைப்பதில்லை. மேசைமேல் சிறிது நேரம் விட்டு, காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்போம். உள்ளே தண்ணீர் அசைகிற சத்தம் கேட்ட பிறகுதான் வைப்போம். இல்லையென்றால் அந்தக் குளிரே மருந்தை உறைய வைத்துவிடும்.

குடியாத்தம் சித்தப்பா, 8:30
நாலாயிரம் ரூபாய் குல்பி என்று சொல்.

பெரியப்பா, 8:34
தம்பி, பணம் போனது போகட்டும். உனக்கு இழுப்பு இருக்கிறது, பஞ்சுத் தூசியிலேயே நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கிறாய். வீரியமில்லாத ஊசியைப் போட்டுக்கொண்டு, போட்டாயிற்று என்ற தைரியத்தில் மழையில் நனைந்திருந்தால் அதுதான் பெரிய நஷ்டம்.

பெரியம்மா, 9:15
எனக்கு ஒரு சந்தேகம். இந்த மருந்தை முட்டையில் வளர்க்கிறார்கள் என்று எதிர்வீட்டில் சொன்னார்கள். புரட்டாசியில் நான் முட்டை கலந்த பிஸ்கட்டைக்கூடத் தொடுவதில்லை.

பாகாயம் அக்கா, 9:24
சொன்னது உண்மைதான் அம்மா. பெரும்பாலான ஃப்ளூ தடுப்பூசிகளுக்கான வைரஸைக் கருவுற்ற கோழி முட்டையில்தான் வளர்க்கிறார்கள். பிறகு அதைச் செயலிழக்கச் செய்து சுத்திகரிக்கிறார்கள். உயிருள்ள வைரஸ் அதில் இல்லை, ஆகவே ஊசியால் ஃப்ளூ வராது. விரதத்தைப் பற்றி நான் சொல்வதற்கில்லை. ஐப்பசி பிறந்ததும் போட்டுக்கொண்டாலும் தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும், அது போதும்.

பெரியம்மா, 9:26
அப்படியானால் ஐப்பசி இரண்டாம் தேதி, திங்கட்கிழமை எனக்குச் சௌகரியம்.

ஆம்பூர் அண்ணன், 9:40
அக்கா, குழந்தைக்கு ஏழு மாதம் ஆகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமை தோறும் போடுகிறார்களே, அங்கே இதையும் இலவசமாகப் போடுவார்களா?

பாகாயம் அக்கா, 9:58
நுரையீரல் அழற்சியைத் தடுக்கும் நியூமோகாக்கல் ஊசியை அங்கே இலவசமாகப் போடுகிறார்கள். ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம் என்று அதற்கு மூன்று தவணை. தாய் சேய் நல அட்டையை எடுத்து முதல் இரண்டும் குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று இன்றே பார். ஃப்ளூ ஊசி தேசியத் தடுப்பூசி அட்டவணையில் இல்லை, ஆகவே அதற்குக் காசு கொடுக்க வேண்டியிருக்கும். ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு, முதன்முறையாகப் போடும் ஆண்டில் நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை தேவை. நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டால் இரண்டாவது தவணை தீபாவளிக்குப் பின்னால் போய்விடும்.

நான், 10:12
எல்லோரும் போட்டுக்கொண்டால் இந்த முறை யாருக்கும் வராது என்று நம்பலாமா, அக்கா? எனக்குத் தெரிந்த ஒருவர் ஊசி போட்டும் படுத்தார்.

பாகாயம் அக்கா, 10:27
அப்படி நம்பக் கூடாது. ஊசியும் பரவுகிற வைரஸும் நன்றாகப் பொருந்துகிற ஆண்டுகளில்கூட, மருத்துவரிடம் போகும் அளவுக்கு ஃப்ளூ வருவதை இது 40 முதல் 60 சதவீதம் வரைதான் குறைக்கிறது. சாதாரணச் சளிக்கும் மற்ற வைரஸ்களுக்கும் இது கேட்காது. ஆனாலும் ஆயாவைப் போன்றவர்கள் ஆக்சிஜன் வரை போகிற வாய்ப்பு குறைகிறது, நான் பார்ப்பது அதை. போன வருடம் ஆயாவைப் படுக்கவைத்தது ஃப்ளூ மட்டுமன்று, அதன் பின்னாலேயே வந்த நியூமோனியா என்கிற நுரையீரல் அழற்சியும்தான்.

காட்பாடி அத்தை, 10:41
அப்படியானால் அம்மாவுக்கு அந்த நியூமோகாக்கல் ஊசியையும் சேர்த்துப் போடலாமா? இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரே, கண்ணு?

பாகாயம் அக்கா, 10:55
இரண்டையும் ஒரே நாளில் வெவ்வேறு கையில் போடலாம், அத்தை. மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். ஊசி போடுகிறவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டு, போட்ட இடத்தைத் தேய்க்காமல் சில நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மருந்துப் பட்டியலையும் சர்க்கரைப் பரிசோதனைச் சீட்டையும் எடுத்துச் சென்று, எந்த வகை நியூமோகாக்கல் ஊசி என்பதை டாக்டரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். எல்லோருக்கும் ஒன்று: காய்ச்சல் அதிகமாக இருக்கிற நாளில் போகாதீர்கள், அதிகம் வேலை செய்யாத கையில் போட்டுக்கொள்ளுங்கள், ஓரிரு நாள் வலிக்கும்.

பெரியப்பா, 11:20
ஆயாவிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். “எனக்கு இரண்டு கையிலும் குத்துங்கள், ஆனால் குழந்தையைத் தூக்கக் கூடாது என்று மட்டும் சொல்லாதீர்கள்” என்கிறார்.

திங்கட்கிழமை

குடியாத்தம் சித்தப்பா, மாலை 6:48
நானும் சித்தியும் பையனும் கிளினிக்கிலேயே இருந்த மருந்தைப் போட்டுக்கொண்டோம். குளிர்பெட்டியின் கதவில் இருந்த அளவுமானி 5 டிகிரி காட்டியதை நானே குனிந்து பார்த்தேன். மருந்துப் பெட்டியின்மேல் அச்சிட்டிருந்த பருவ ஆண்டையும் காலாவதித் தேதியையும் படித்துக் காட்டச் சொன்னேன். “நீங்கள் என்ன இன்ஸ்பெக்டரா?” என்று நர்ஸம்மா கேட்டார். உறைந்துபோன மூன்றையும் அவரிடமே ஒப்படைத்துவிட்டேன். இப்போது கைதான் கனக்கிறது, நாளைக்குத் தறியில் உட்கார முடியுமா என்று தெரியவில்லை.

பாகாயம் அக்கா, 6:52
எந்தக் கையில் போட்டுக்கொண்டீர்கள், சித்தப்பா?

குடியாத்தம் சித்தப்பா, 6:53
வலது கையில்.