கலைச்சொல் தேவை: ஹெட்போன் ஆம்ப்ளிஃபையர் – பெருக்கியா, உந்தியா, விரியலாக்கியா?

தொடக்க மடல் – ஒலிப்பதிவு ஆசிரியர், கோயம்புத்தூர்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஒலிப்பதிவுப் பட்டயப் படிப்பு மாணவர்களுக்கான தமிழ்க் கையேடு வரும் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஹெட்போனை இயக்கத் தேவையான மின்திறனைக் கொடுக்கும், மேசைமேல் வைத்துப் பயன்படுத்தும் உயர்தர ஹெட்போன் ஆம்ப்ளிஃபையரைத் தேர்ந்தெடுப்பதும் கையாள்வதும் பற்றிய ஓர் அதிகாரம் அதில் உள்ளது. முதல் வரைவில் அக்கருவிக்குத் "தலையணி ஒலிபெருக்கி" என்று பெயரிட்டிருந்தோம். ஒலிபெருக்கி என்றதும் நம் மக்கள் நினைவுக்கு வருவது கோயில் திருவிழாவில் கம்பத்தில் கட்டும் குழாய்தான் என்பதால் அச்சொல்லை நீக்கிவிட்டோம். அதன் இடத்தை இன்னும் நிரப்பவில்லை.

சொல் தேடுவோருக்குப் பொருள் தெரிய வேண்டும் என்பதால் சிறிது விளக்குகிறேன். பேயர்டைனமிக் நிறுவனத்தின் டிடி 880 என்னும் ஒரே ஹெட்போன் மாதிரி 32, 250, 600 ஓம் (மின்னோட்டத்தை எதிர்க்கும் அளவு) என மூன்று வகைகளில் வந்தது. 32 ஓம் வகைக்கு 1 மில்லிவாட் திறன் கொடுக்க ஏறத்தாழ 0.18 வோல்ட் போதும். 600 ஓம் வகைக்கு அதே 1 மில்லிவாட்டைக் கொடுக்க 0.77 வோல்ட் வேண்டும். ஆகவே, "எத்தனை வாட்?" என்று மட்டும் கேட்டுக் கருவி வாங்குபவர் பாதிக் கேள்வியைத்தான் கேட்கிறார். எந்த ஓமில் எத்தனை வோல்ட், எவ்வளவு மின்னோட்டம் என்பதையும் அவர் கேட்க வேண்டும். அப்படிக் கேட்கத் தூண்டும் பெயர் கிடைத்தால் ஆசிரியனாகிய எனக்குப் பாதி வேலை குறையும். ஹெட்போன், ஆம்ப்ளிஃபையர் ஆகிய இரண்டோடு, ஓமில் அளக்கும் அந்தப் பண்புக்கும் (ஆங்கிலத்தில் இம்பீடன்ஸ்) ஒரு சொல் தாருங்கள்.

மறுமொழி – ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர், திருநெல்வேலி

ஆசிரியர் தம்பிக்கு வாழ்த்துகள். முதலில் ஹெட்போனை எடுத்துக்கொள்வோம். "காதணி" என்றால் தோடும் கம்மலும். "தலையணி" என்றால் தலையில் சூடும் நகை. "செவிப்பொறி" நல்ல சொல்தான், ஆனால் ஐம்பொறிகளுள் ஒன்றாகிய செவிக்கே அது பெயராகிவிட்டது. "கேட்பி" என்பது பிறவினை ஏவலாக நின்று, யாரையோ கேட்கச் செய் என்று கட்டளையிடுகிறது.

நான் பரிந்துரைப்பது "கேள்பொறி". இங்கே பலர் "கேட்பொறி" என்று எழுதுவார்கள் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன்: இது வினைத்தொகை. கேட்ட, கேட்கின்ற, கேட்கும் பொறி என முக்காலமும் விரியும். கொள்கலம் என்கிறோமே தவிர "கொட்கலம்" என்பதில்லை. அவ்வாறே இங்கும் ளகரம் திரியாது. பொறியா கேட்கிறது, மனிதரல்லவா கேட்கிறார் என்று வினவுவோர் எழுதுகோலை நினைத்துக்கொள்ளட்டும். கோல் எழுதுவதில்லை, எழுதுவதற்குக் கருவியாகிறது.

கேள் என்னும் வேரைத் தேர்ந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. பொருநராற்றுப்படை யாழை வருணிக்கும் இடத்தில் "கேள்வி போகிய நீள்விசித் தொடையல்" என்கிறது. அங்கே கேள்வி என்பது வினா அன்று, இசை. இசை கேட்கும் கருவிக்கு இதைவிடப் பொருத்தமான வேர் இல்லை. செவியும் பழைய சொல்லே. கன்னடத்தில் கிவி, தெலுங்கில் செவி. கன்னடம் ககரத்தைக் காத்தது, தமிழ் சகரமாக்கியது. கெம்பு, செம்மை என்பவற்றிலும் இதே உறவைக் காணலாம். இதைப் பற்றித் தனி மடலே எழுதலாம்.

ஆம்ப்ளிஃபையருக்குப் "பெருக்கி" போதும். "சினமென்னும் சேர்ந்தாரைக் கொல்லி" என்ற குறளில் வரும் செய்பவரைக் குறிக்கும் (வினைமுதற்பொருள்) இகர விகுதியே பெருக்கியிலும் உள்ளது. ஆகவே, "கேள்பொறிப் பெருக்கி".

மறுமொழி – மின்னணுப் பொறியாளர், சென்னை

பேராசிரியர் ஐயாவின் கேள்பொறியை மகிழ்ச்சியோடு ஏற்கிறேன். பெருக்கியை ஏற்க இயலவில்லை. என் மறுப்பு இலக்கணம் பற்றியது அன்று, பொருள் பற்றியது.

இக்கருவிகள் பலவற்றில் பெருக்கத்தை, அதாவது உள்ளே போகும் மின்னழுத்தம் எத்தனை மடங்காகிறது என்பதை, குறைக்கும் நிலைமாற்றி உண்டு. அதைக் கீழ்நிலையில் வைத்தால் சில கருவிகளில் பெருக்கம் சரியாக ஒன்று. உள்ளே போன மின்னழுத்தமே வெளியே வருகிறது, எதுவும் பெருகுவதில்லை. அப்படியிருந்தும் கருவி தன் முதன்மையான வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. கேள்பொறி கேட்கும் மின்னோட்டத்தைத் தளராமல் கொடுப்பதே அந்த வேலை. ஹைஃபைமேன் எச்இ-6 என்னும் தளக்காந்தக் (பிளானார் மேக்னெட்டிக்) கேள்பொறியைப் பாருங்கள். அதன் உணர்திறன் 1 மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபெல், மதிப்பு 50 ஓம். இசையின் உச்சங்களில் 110 டெசிபெல் வேண்டுமானால் ஏறத்தாழ 450 மில்லிவாட் வேண்டும், அதாவது 4.7 வோல்ட், 95 மில்லிஆம்பியர். தொலைபேசியின் துளையில் செருகினால் இது கிடைக்காது.

இன்னொன்று, கருவியின் வெளியீட்டிலேயே உள்ள எதிர்ப்பு. சென்ஹைசர் எச்டி 600 பெயரளவில் 300 ஓம். ஆனால் 100 ஹெர்ட்சுக்கு அருகில் அது 500 ஓமைத் தாண்டுகிறது. வெளியீட்டில் 120 ஓம் உள்ள வெற்றிடக் குழல் கருவியோடு அதை இணைத்தால், அந்தத் தாழ் அதிர்வெண்ணில் மட்டும் ஏறத்தாழ 1 டெசிபெல் கூடிவிடும். பலர் "குழலின் இதமான ஒலி" என்று பாராட்டுவதில் ஒரு பங்கு இந்த எளிய கணக்குத்தான். கேள்பொறியின் மதிப்பில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் வெளியீட்டு மதிப்பு இருக்கக் கூடாது என்பது நடைமுறை விதி. 32 ஓமுக்கு 4 ஓம். அதற்கும் குறைவாக இருந்தால் நல்லது.

இவற்றில் எதையும் "பெருக்கி" சொல்வதில்லை. மாறாக, அதிகம் பெருக்குவதே சிறந்தது என்ற தவறான எண்ணத்தை மாணவர் மனத்தில் விதைக்கிறது. எனவே "கேள்பொறி உந்தி" என்று முன்மொழிகிறேன். உந்துதல்தான் அதன் தொழில்.

மறுமொழி – பௌதிகவியல் ஆசிரியை, யாழ்ப்பாணம்

வணக்கம். எங்களுடைய க.பொ.த. உயர்தர (இலங்கையின் மேனிலைப் பள்ளித் தேர்வு) மாணவர்கள் ஆம்ப்ளிஃபையரை "விரியலாக்கி" என்றே படிக்கிறார்கள். தமிழ்நாட்டில் "செயல்பாட்டுப் பெருக்கி" எனப்படுவது எங்களுக்குச் "செயற்பாட்டு விரியலாக்கி". பாடநூலில் ஊன்றிய ஒரு சொல்லை இருபுறமும் ஏன் புறக்கணிக்க வேண்டும்? பொறியாளர் ஐயாவின் மறுப்புக்கும் இது ஓரளவு விடையாகும். விரிதல் என்பது எண்ணிக்கையில் பெருகுவதை மட்டும் குறிப்பதன்று.

"உந்தி" எங்களுக்குப் பிரச்சினையான சொல் அல்ல. உந்துருளி எங்கள் வீதிகளில் ஓடுகிறது. ஆனால் இந்தியப் பிள்ளைகள் அதை எப்படி விளங்கிக்கொள்வார்கள் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மறுமொழி – மொழிபெயர்ப்பாளர், சென்னை

அனைவருடைய புலமைக்கும் தலைவணங்குகிறேன். ஆனால் மின்னணுப் பொருள்கள் விற்கும் ரிச்சி தெருவில் ஒரு கடையில் போய் "கேள்பொறி உந்தி இருக்கிறதா?" என்று கேட்கும் மாணவரின் நிலையை நினைத்துப் பார்க்க வேண்டுகிறேன். கடைக்காரருக்கும் மாணவருக்கும் பொதுவான சொல் "ஹெட்போன் ஆம்ப்". கையேடு பயன்படவேண்டிய இடம் அதுதான். தூய்மைக்காகப் புரிதலை விட்டுக்கொடுத்தால், அந்தப் பிள்ளை ஆங்கிலக் கையேட்டையே வாங்கிக்கொள்ளும். நாம் இழப்பது ஒரு சொல்லை அன்று, ஒரு வாசகரை. என் வாக்கு "ஹெட்போன் பெருக்கி" என்னும் கலப்புச் சொல்லுக்கே.

மறுமொழி – தமிழ்ப் பேராசிரியர்

உந்தி என்றால் கொப்பூழ். பக்திப் பாடல் படித்த எவரும் முதலில் அதைத்தான் நினைப்பார்கள். "பெருக்கி, உந்தி எல்லாமே வினையெச்சமாகவும் நிற்குமே, வீட்டைப் பெருக்கி, கோலமிட்டு என்பது போல" என்று ஒரு நண்பர் தனிமடலில் கேட்டிருந்தார். தொகைச்சொல்லின் இறுதியில் நின்றால் அது பெயரே. பக்கத்தில் முடிக்கும் வினை இராது. ஆகவே அந்த மயக்கத்துக்கு இடமில்லை. கொப்பூழ் மயக்கம் அப்படிப்பட்டதன்று, ஏனெனில் இரண்டும் பெயர்ச்சொற்கள்.

மொழிபெயர்ப்பாளர் அம்மாவுக்கு ஒரு சொல். கடைத்தெரு மொழி மாறும். "பேருந்து" அச்சிலும் பலகையிலும் வந்த பின்புதான் வாய்க்கு வந்தது.

மறுமொழி – பொறியாளர், சென்னை

பேருந்தில் உள்ளதும் உந்துதான், ஐயா. கொப்பூழ் தடையென்றால் "இயக்கி" என்று வைக்கலாமா என்று எண்ணினேன். ஆனால் கேள்பொறிக்குள் அதிரும் சவ்வுப் பகுதியையும் கணினி மென்பொருளையும் அது ஏற்கெனவே குறிக்கிறது. "ஊக்கி" வேதியியலுக்குப் போய்விட்டது.

பயன்பாட்டு அதிகாரத்தைப் பற்றியும் கவலை உண்டு. பெருக்க நிலைமாற்றியில் "குறைவு", "மிகுதி" என இரு நிலைகள் இருக்கும். கருவியின் பெயரே பெருக்கி என்றால் மாணவர் மிகுதியைத்தான் முதலில் தட்டுவார். காதுக்குள் செருகும், உணர்திறன் மிக்க காதுட்பொறியில் உடனே "ஸ்ஸ்" என்ற இரைச்சல் கேட்கும். ஒலியளவுக் குமிழைத் தொடக்கப் புள்ளியை விட்டு நகர்த்தவும் முடியாது. சாதாரணக் கரிமக் குமிழில் அந்தத் தொடக்கப் பகுதியில் இடமும் வலமும் சமமாக இருப்பதில்லை, பாடகர் குரல் ஒருபக்கம் சாய்ந்து கேட்கும். ரிலே என்னும் மின்விசைமாற்றிகள் வழியாக 0.5 டெசிபெல் படிகளில் ஒலியளவை மாற்றும் பெஞ்ச்மார்க் எச்பிஏ4 போன்ற கருவிகளில் இந்தக் குறை இல்லை. ஆனால் அவை எல்லோர் கைக்கும் எட்டும் விலையில் இல்லை. குறைந்த பெருக்கத்தில் தொடங்கி, குமிழை நடுப்பகுதிவரை திருப்பியும் ஒலி போதவில்லை என்றால் மட்டும் மிகுதிக்குப் போகவேண்டும் என்பதைத் தடித்த எழுத்தில் அச்சிடுங்கள். செருகுவதற்கு முன் குமிழை முழுதும் குறைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி – ஆசிரியை, யாழ்ப்பாணம்

மூன்றாவது சொல்லை எல்லோரும் மறந்துவிட்டோம். ஓமில் அளப்பதையெல்லாம் தடை என்று எழுதிவிட்டால் மாணவர் மல்டிமீட்டரை வைத்து நேர்மின்னோட்டத் தடையை அளந்துவிட்டு, அதுவே விடை என்று நினைப்பார்கள். எச்டி 600 அதிர்வெண்ணோடு மாறுவதை இப்போதுதான் கண்டோம். இதில் ஒரு தெளிவு வேண்டும்.

மறுமொழி – தொடக்கியவர், கோயம்புத்தூர்

தமிழ்நாட்டு மேனிலை இயற்பியலில் தடையும் மின்மறுப்பும் (அதிர்வெண்ணோடு மாறும் எதிர்ப்பு) சேர்ந்தது "மின்னெதிர்ப்பு". இணையத்தில் சிலர் அந்த முழுமைக்கே மின்மறுப்பு என்று எழுதுகிறார்கள். எங்கள் மாணவர் பள்ளியில் படித்து வந்தது மின்னெதிர்ப்பு என்பதால் அதையே ஆள்கிறேன்; ஆகவே "வெளியீட்டு மின்னெதிர்ப்பு".

கருவியின் பெயருக்கு இதுவரை கருத்துச் சொன்ன நால்வரில் இருவர் பெருக்கியின் பக்கம் நிற்கின்றனர், முழு மனநிறைவோடு அல்ல என்பதையும் அறிவேன். அச்சகம் காத்திருப்பதால் "கேள்பொறிப் பெருக்கி" என்றே அனுப்புகிறேன். முதல் இடத்தில் "ஹெட்போன் ஆம்ப் எனக் கடைகளில் வழங்கும் கேள்பொறிப் பெருக்கி" என்று எழுதி, அதை அடுத்து பெருக்கம் ஒன்றாக இருக்கும்போதும் இக்கருவி ஏன் தேவை என்பதைத் தனிப் பத்தியாகச் சேர்க்கிறேன். சொல்லடைவில் விரியலாக்கியும் இடம்பெறும்.

மறுமொழி – பொறியாளர், சென்னை

அந்தப் பத்தியைச் சேர்ப்பதற்கு நன்றி. பெயர் குறித்த என் மறுப்பு நிற்கிறது. பெயர் சரியாக இருந்தால் அந்தப் பத்தியே வேண்டியிராது. கொப்பூழோடு மயங்காத, உந்துதலைச் சொல்லும் வேறு வேர் எவருக்கேனும் தோன்றினால் இதே இழையில் எழுதுங்கள். இரண்டாம் பதிப்புக்கு முன் மீண்டும் விவாதிப்போம்.

மறுமொழி – தமிழ்ப் பேராசிரியர்

"செலுத்தி"யைப் பற்றி யாரும் பேசவில்லையே. நாளை விரிவாக எழுதுகிறேன்.