டீயில் ‘பிரிஸ்க்’ என்கிறார்களே, அது எங்கிருந்து வந்த சொல்?

கேள்வி: டீ மேக்கர், குன்னூர்

எல்லோருக்கும் வணக்கம். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவில் ஒரு சின்ன ஃபேக்டரியில் 19 வருடமாக டீ மேக்கராக இருக்கிறேன். சி.டி.சி. (இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிச் செய்கிற குருணைத் தூள்) மட்டும்தான். போன வாரம் ஏலத்துக்கு அனுப்பிய சாம்பிளுக்கு டேஸ்டரிடமிருந்து குறிப்பு வந்தது: நிறம் பரவாயில்லை, லிக்கரில் பிரிஸ்க்னெஸ் போதாது. (லிக்கர் என்றால் எங்கள் தொழிலில் வடித்த டீ. டாஸ்மாக் சரக்கை நினைக்க வேண்டாம்.)

குறை எங்கே என்று எனக்கே தெரியும். அன்றைக்கு டிரையர் மக்கர் பண்ணியது. ஆள் வந்து சரி செய்வதற்குள், அரைத்த இலை பெர்மென்டிங்கில், அதாவது புளிக்க விடும் இடத்தில், ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடந்துவிட்டது. செம்பு நிறத்தில் எடுத்திருக்க வேண்டியது, பழுப்பேறிப் போனது. அது என் தலைவலி, விடுங்கள்.

நான் கேட்க வந்தது அந்தச் சொல்லைப் பற்றி. தினமும் பத்து தடவை சொல்கிறேன், வாயில் வைத்தால் இருக்கிறதா இல்லையா என்று தெரியும். ஆனால் பிளஸ் டூ படிக்கும் மகள் அகராதியைப் புரட்டிவிட்டு, “சுறுசுறுப்பானன்னு போட்டிருக்கு. அப்போ உங்க டீ சோம்பேறியாப்பா?” என்றாள். வீடே சிரித்தது. எனக்குப் பதில் வரவில்லை.

டாக்டர் என் அம்மாவை பிரிஸ்க்காக நடக்கச் சொல்கிறார். மார்க்கெட் செய்தியில் டிமாண்ட் பிரிஸ்க் என்று வருகிறது. நடைக்கும் வியாபாரத்துக்கும் சரி. டீ எங்கே நடந்தது? துரைமார் காலத்தில் யாரோ வாய்க்கு வந்ததை ஒட்டிவிட்டுப் போனார்களா?

பதில் 1: பழைய டேஸ்டர், கோத்தகிரி

தம்பி, சொல்லின் பூர்வீகம் எனக்குத் தெரியாது, ருசியைச் சொல்கிறேன். 30 வருடம் உறிஞ்சித் துப்பிய வாய் இது.

பிரிஸ்க் என்பதை வெறும் துவர்ப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நெல்லிக்காய் துவர்த்தால் நாக்கை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், விடாது. பிரிஸ்க்கான டீ ஈறு ஓரத்தில் சுள்ளென்று ஒரு தட்டு தட்டும், உடனே விலகிவிடும், வாய் கழுவிவிட்ட மாதிரி இருக்கும். கசப்பும் வேறு. இது இல்லாத டீயை சாஃப்ட் என்போம், இன்னும் மோசமானால் ஃப்ளாட்.

காரணம், தியாஃபிளேவினும் காஃபீனும் சேர்ந்து செய்கிற வேலை. இலையைப் புளிக்க விடும்போது தியாஃபிளேவின் ஏறும், நேரம் தாண்டினால் இறங்கிவிடும். உங்கள் டிரையர் கதை இதுதான். காஃபீனை எடுத்துவிட்ட டீயும் இதனால்தான் சப்பென்று இருக்கும்.

ஒன்று செய்து பாருங்கள். பால் ஊற்றாமல் கெட்டியாக வடித்து, கண்ணாடி டம்ளரில் ஆற விடுங்கள். ஆறியதும் தானாகக் கலங்கும், க்ரீம் டவுன் என்போமே, அது. கலங்கல் காவி நிறத்தில் பளிச்சென்று இருந்தால் நல்ல டீ. சேற்று நிறமாக இருந்தால் புளிப்பு மீறிவிட்டது. அஸ்ஸாம் டீயில் இது நன்றாகத் தெரியும். நம் மலை டீ இயல்பாகவே கலங்குவது குறைவு, அதனால்தான் ஐஸ் டீக்குக் கேட்டு வாங்குகிறார்கள். ஆனாலும் குன்னூர்க் குளிரில் ராத்திரி முழுக்க வைத்தால் வித்தியாசம் தெரியாமல் போகாது.

பதில் 2: ஆங்கில வாத்தியார், வெலிங்டன்

துரைமார்மேல் பழி போடாதீர்கள், அவர்கள் டீ குடிக்கப் பழகுவதற்கு முன்பே இந்தச் சொல் நாக்கில் இருந்தது.

ஆங்கில எழுத்தில் பிரிஸ்க் தலைகாட்டுவது 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். பிரெஞ்சு ‘பிரஸ்க்’ திரிந்து வந்திருக்கலாம் என்பது பெரும்பாலான அகராதிக்காரர்களின் கருத்து. அந்த பிரெஞ்சுச் சொல் இத்தாலிய ‘ப்ரூஸ்கோ’விலிருந்து போனது. ப்ரூஸ்கோ என்றால் என்ன தெரியுமா? புளிப்பான, சுருக்கென்ற, முரடான. ஒயினைச் சொல்லும் சொல் அது!

ஆங்கிலத்துக்கு வந்த புதிதில் ஒரு இடத்தில் நிற்காமல் அலைந்திருக்கிறது. 1590களில் எழுதிய ஷேக்ஸ்பியரை மட்டும் பாருங்கள். ரோமியோ ஜூலியட்டில் விருந்துக்கு மேசை நாற்காலி நகர்த்துகிற வேலைக்காரர்களைக் கொஞ்சம் பிரிஸ்க்காக இருக்கச் சொல்கிறான் ஒருவன். அங்கே நம் சுறுசுறுப்பு. நான்காம் ஹென்றி முதல் பாகத்தில், போர் முடிந்து களைத்து நிற்கிறவன் முன்னால் வாசனை பூசிக்கொண்டு பகட்டாக வந்து நிற்கிறான் ஒரு பிரபு. அவன் பளபளப்புக்கும் இதே சொல். இந்தப் பொருள் இப்போது வழக்கில் இல்லை. அதே நாடகத்தின் இரண்டாம் பாகத்தில் போதையில் ஒருவர் பாடுகிறார், அதில் ஒரு கோப்பை ஒயின் பிரிஸ்க்காக இருக்கிறது. ஆக, நாக்குக்கும் காலுக்கும் ஒரே பத்து வருடத்துக்குள் இந்தச் சொல் ஓடியிருக்கிறது. குளிர் காற்றுக்கும் வியாபாரத்துக்கும் போனதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு வேடிக்கை. அதே பிரெஞ்சுச் சொல் பிற்பாடு உருமாறாமலும் ஆங்கிலத்துக்குள் வந்தது. அந்த ‘பிரஸ்க்’ இன்றைக்கு வெடுக்கென்று பேசுகிற ஆளைக் குறிக்கும். ஒரே வயிற்றுப் பிள்ளைகள், ஒன்று பாராட்டு, மற்றொன்று வசவு. பரீட்சைத் தாளில் எத்தனை பேர் இரண்டையும் மாற்றி எழுதியிருக்கிறார்கள் என்று கேட்காதீர்கள்.

பதில் 3: மிளகுக்காரன், தாண்டிக்குடி

பழனி மலையிலிருந்து எட்டிப் பார்க்கிறேன். எங்களுக்குக் காபியும் மிளகும்தான், டீயைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் ஒன்று.

அகராதியில் ‘சுறுசுறுப்பு’ என்று போட்டதால்தான் பாப்பா சிரித்தாள். ‘விறுவிறுப்பு’ என்று போட்டிருந்தால்? புது மிளகைக் கடித்தால் நாக்கு விறுவிறுங்குது என்பார் எங்கள் ஆத்தா. பாம்பு கடித்தால் விஷம் விறுவிறுன்னு ஏறும். வேகமாக நடந்தால் விறுவிறு நடை. கடை ஓடினால் விறுவிறுப்பான வியாபாரம். நாக்கு, நடை, வியாபாரம் மூன்றும் வந்துவிட்டதா? இத்தாலிக்குப் போகாமலே நம்மிடம் கிடக்கிறது. படம் விறுவிறுப்பு என்று எழுதி எழுதி, மிளகை மறந்துவிட்டோம்.

பதில் 4: டீ மேக்கர், குன்னூர்

வாத்தியார் ஐயா, டேஸ்டர் ஐயா, தாண்டிக்குடி அண்ணா, மூன்று பேருக்கும் நன்றி. விறுவிறுப்பு என்று சொன்னதும் மகள், “அப்போ சரி, ஒத்துக்கறேன்” என்று விட்டாள். இத்தாலி ஒயின் கதையைப் பள்ளிக்கூடத்தில் சொல்லப் போகிறாளாம்.

நேற்று ராத்திரி இரண்டு டம்ளரில் வடித்து ஜன்னல் ஓரம் வைத்தேன். ஒன்று அந்த டிரையர் நாள் தூள், மற்றது நேற்று ஓட்டியது. காலையில் பார்த்தால் நேற்றையது லேசாகக் கலங்கி, காவி நிறத்தில் பளிச்சென்று இருக்கிறது. மற்றது மழைக்குப் பிறகு ரோட்டோரம் ஓடுகிற தண்ணீர். ஃபோட்டோ போடலாம் என்று போனை எடுத்து வருவதற்குள், எச்சில் டம்ளர் என்று நினைத்து அம்மா இரண்டையும் கழுவிக் கவிழ்த்துவிட்டார். வாக்கிங் போய்விட்டு வந்த வேகம்!