கேமரா ட்ராப்பில் பகலெல்லாம் வெறும் புல், ராத்திரி சிறுத்தையின் வால் மட்டும்: சென்சார் கோளாறா?

புதர்க்காடை:
சத்தியமங்கலம் பக்கம் முட்புதர்க் காட்டில், வனத்துறை அனுமதியோடு சிறுத்தைகளைப் பற்றி எம்.எஸ்சி. ஆய்வு செய்கிறேன். வண்டித்தடத்தின் ஓரத்து மரத்தில் கேமரா ட்ராப், அதாவது விலங்கு கடந்தால் தானாகவே படம் எடுக்கும் கேமரா, கட்டியிருக்கிறேன். வெயில் ஏறியதும் ஆள் அரவமே இல்லாமல் படம் எடுத்துத் தள்ளுகிறது, மெமரி கார்டு நிரம்பிவிடுகிறது. ராத்திரியில் சிறுத்தை வந்தால் வாலும் பின்னங்காலும்தான் விழுகின்றன. முழு உடம்பு விழுந்த படமும் மங்கல். புள்ளிகளை வைத்து எந்தச் சிறுத்தை என்று பிரிக்க முடியவில்லை. உணர்திறன் 'ஹை'யில்தான் இருக்கிறது. கேமராவை மாற்ற வேண்டுமா?

ஓடைக்கரை:
எந்தத் திசை பார்க்கிறது? தடத்திலிருந்து எவ்வளவு தள்ளி? முன்னால் என்ன செடி?

புதர்க்காடை:
மேற்கு. ஒன்றரை மீட்டர் இருக்கும். என் இடுப்பு உயரத்தில் கட்டினேன். முன்னால் முழங்கால் உயரப் புல், கொஞ்சம் உண்ணிச்செடி.

ஓடைக்கரை:
அப்படியென்றால் சென்சார் நன்றாகவே வேலை செய்கிறது! அதற்கு விலங்கு என்றெல்லாம் தெரியாது. எதிரே வெப்பம் சட்டென்று மாறி நகர்ந்தால் படம் எடுக்கும், அவ்வளவுதான். வெயிலில் சுட்ட புல் காற்றில் ஆடினாலும் அதற்குப் போதும். போதாக்குறைக்கு மேற்குப் பார்த்த கேமராவில் சாயங்கால வெயில் நேராக விழும். வடக்கு அல்லது தெற்கு பார்க்கத் திருப்புங்கள், முன்னால் இருக்கும் புல்லைத் தரையோடு அரிந்துவிடுங்கள், கோடையில் உணர்திறனை 'மீடிய'த்துக்கு இறக்குங்கள்.

இன்னொன்று. உச்சி வெயிலில் தரைச் சூடு விலங்கின் உடம்புச் சூட்டை ஒட்டி வந்துவிட்டால், நேர் எதிரே கடமான் நடந்தாலும் படம் விழாமல் போகலாம். பகல் படங்கள் குறைவு என்பதை மட்டும் வைத்து 'பகலில் நடமாட்டம் இல்லை' என்று ஆய்வேட்டில் எழுதிவிடாதீர்கள்.

மலைச்சரிவு:
வால் விழுவதற்குக் காரணம் அந்த ஒன்றரை மீட்டர்தான். கேமரா விழித்துக்கொள்வதற்குள் சிறுத்தை படத்தின் எல்லையைத் தாண்டிவிடுகிறது. மூன்று, நான்கு மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 40 சென்டிமீட்டர் உயரத்தில் கட்டுங்கள். கட்டி முடித்ததும் தடத்தில் நீங்களே தவழ்ந்து போய்ப் பாருங்கள், சோதனை விளக்கு எரிகிறதா என்று. கூட வரும் வேட்டைத் தடுப்புக் காவலர் சிரிப்பார், பரவாயில்லை.

மங்கலுக்குக் காரணம் இன்ஃப்ராரெட், அதாவது கண்ணுக்குத் தெரியாத ஒளியில் எடுக்கும் ஃப்ளாஷ். நடக்கிற விலங்கின் புள்ளிகள் அதில் குழம்பிவிடும். தனித்தனியாக அடையாளம் காண வெள்ளை ஃப்ளாஷ் கேமராதான் நல்லது. அதுவும் தடத்தின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. சிறுத்தையின் இடப்பக்கப் புள்ளிகளும் வலப்பக்கப் புள்ளிகளும் வேறு வேறு. ஒரு பக்கம் மட்டும் இருந்தால் ஒரே சிறுத்தையை இரண்டாக எண்ணிவிட வாய்ப்புண்டு. இரண்டையும் நேருக்கு நேர் வைக்காமல் சற்று விலக்கி வையுங்கள், இல்லாவிட்டால் ஒன்றின் ஃப்ளாஷ் மற்றதன் படத்தை வெளுக்க வைத்துவிடும்.

காட்டுவாசல்:
தம்பி, யானையை மறந்துவிட்டீர்களே. இரும்புப் பெட்டி, சங்கிலி எல்லாம் போட்டாலும் அது நினைத்தால் பிடுங்கி எறிந்துவிடும். யானைத்தடமும் வண்டித்தடமும் சேரும் இடத்தைத் தவிர்த்துவிடுங்கள். அப்புறம், விறகுக்கும் மாடு மேய்க்கவும் போகிற ஊர்க்காரர்களிடம் கேமரா இருப்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். அவர்கள் விழுந்த படங்களை யாருக்கும் காட்டாதீர்கள்.

புதர்க்காடை:
நன்றி அண்ணா, எல்லோருக்கும் நன்றி. வடக்கே திருப்பி, புல் அரிந்ததும் காலிப் படங்கள் வெகுவாகக் குறைந்துவிட்டன. துறையில் கேட்டு வெள்ளை ஃப்ளாஷ் ஜோடி வாங்கிக் கட்டினேன். புள்ளிகள் தெளிவாக விழுகின்றன. ஆனால் இரண்டு கேமராவின் கடிகாரமும் ஒத்துப்போகவில்லை. எந்த இடப்பக்கத்துக்கு எந்த வலப்பக்கம் என்று எப்படிச் சேர்ப்பது?

மலைச்சரிவு:
கார்டு எடுக்கப் போனபோது இரண்டிலும் நீங்கள் விழுந்திருப்பீர்களே? இரண்டுக்கும் நடுவே நீங்கள் கடந்த அதே கணத்துப் படங்களை எடுத்து, நேர வித்தியாசத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை கட்டும்போது இரண்டையும் ஒரே செல்போனைப் பார்த்து நேரம் வைத்துவிட்டு, அந்த செல்போன் திரையை இரண்டு கேமராவுக்கும் காட்டிவிட்டு வாருங்கள்.