கோணிப்பை எண்ணெய்

குழு: நெல்லூர்ப்பேட்டை வீடு
மே 12, செவ்வாய்

காலை 6.41

மல்லிகா: [பலமுறை அனுப்பப்பட்டது] முட்டி வலியா? ஆபரேஷன் வேண்டாம்!! அமெரிக்க சணல் எண்ணெய், முதல் பாட்டில் முற்றிலும் இலவசம்! அனுப்பும் செலவு மட்டும் செலுத்துங்கள். இன்னும் 7 பாட்டில்கள் மட்டுமே! கீழே உள்ள நீல எழுத்தை அழுத்தவும் 👇

மல்லிகா: இத யாரும் அழுத்தாதீங்க

சுமதி: அப்பறம் இன்னாத்துக்கு அண்ணி அனுப்புனீங்க

மல்லிகா: ஜாக்கிரதையா இருக்கட்டும்னுதான். எங்க தெருவுல ஒரு அம்மாவுக்கு காசு போயிட்சாம்

சுமதி: யாரு, முருங்க மரத்து வீட்டம்மாவா?

மல்லிகா: இல்ல. வேற அம்மா

சுமதி: சரி அத வுடுங்க. வெள்ளிக்கிழம கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. எத்தினி பேர் வரீங்கன்னு இன்னும் ஒருத்தரும் வாயத் தொறக்கல. கறிக்கடைல இன்னிக்கே சொல்லணும், திருவிழா அன்னிக்கு குடியாத்தத்துல கறி கிடைக்காது. 6 கிலோவா 8 கிலோவா?

செல்வம்: சணல் எண்ணெய்னா கோணிப்பையப் பிழிஞ்சு எடுக்கறதா 😂

செல்வம்: நாங்க நெல்லு நடறதுக்கு முன்னாடி சணப்பு வெதச்சு மடக்கி உழுவோம். அதுல எண்ணெய் வந்து பாத்ததே இல்ல

மூர்த்தி: அனைவருக்கும் காலை வணக்கம். சணல் வேறு, சணப்பு வேறு, இது வேறு. இந்த விளம்பரத்தை ஏதோ மிஷின் தமிழ்ப்படுத்தியிருக்கிறது. அங்கே ஹெம்ப் என்று சொல்வது கஞ்சாச் செடியின் ஒரு வகை. போதை குறைவாக இருக்கும்படி வளர்ப்பது. அதில் சிபிடி என்று ஒரு சத்து உண்டு, அதைத்தான் எண்ணெயில் கலந்து விற்கிறார்கள். விவரமாகப் பிறகு எழுதுகிறேன், வாக்கிங் போகிறேன்.

சுமதி: கஞ்சாவா???

சுமதி: யம்மாடி

செல்வம்: மாமா முட்டிக்கு கஞ்சா எண்ணெய். குடும்பம் நல்லா முன்னேறுது

7.20

தினேஷ்: அந்த லிங்க்க தொறந்து பாத்தேன். யாரும் பயப்படாதீங்க, கார்டு நம்பர் எதுவும் போடல

தினேஷ்: மேல ஒரு கடிகாரம் ஓடுது. 04:59, 04:58ன்னு. மூடிட்டு மறுபடியும் தொறந்தா திரும்ப 04:59ல ஆரம்பிக்குது. 7 பாட்டில் 7ஆவேதான் கீது. வெள்ள கோட்டு போட்ட ஒரு டாக்டர் சிரிக்கிறாரு, பேரும் இல்ல ஊரும் இல்ல

தினேஷ்: விலாசம் இல்ல, போன் நம்பர் இல்ல. அடி வரைக்கும் தள்ளிகினே போனா சாம்பல் கலர்ல கொசு மாதிரி எழுத்து. ஆர்டர் போட்ட நாள்லருந்து 14 நாளுக்குள்ள வேணாம்னு சொல்லலன்னா முழு வெல 89.95 டாலர், அப்பறம் 30 நாளைக்கு ஒருவாட்டி எடுப்பாங்களாம். பக்கத்துல டிக்கும் அவங்களே அடிச்சு வெச்சிக்கிறாங்க

கவிதா: ஐயோ இது பழைய கதை தினேஷ். நியூஜெர்சி வந்த புதுசுல எங்கூட தங்கியிருந்த பொண்ணு இதே மாதிரி 4.95 கட்டிட்டு ரெண்டு மாசம் அழுதா. பார்சல் வந்து சேர்றதுக்கே 12 நாள். தொறந்து மோந்து பாக்கறதுக்குள்ள கெடு முடிஞ்சிடும். அவங்களுக்கு எண்ணெய் விக்கறது வேலையே இல்ல. கார்டு நம்பர்தான் சரக்கு

சுமதி: கவி இன்னும் தூங்கலயா, சாப்டியா

கவிதா: மா இங்க ராத்திரி 10 மணி. சாப்டேன்

தினேஷ்: அம்மா, தெருவுல எந்த அம்மா?

தினேஷ்: அம்மா?

தினேஷ்: நீல டிக் வந்துட்ச்சு, பாத்துட்டீங்க. பதில் சொல்லுங்க

7.48

மல்லிகா: குரல் செய்தி (1:52)

சுமதி: நான் மாவு மிஷின்ல கீறேன், ஒண்ணும் கேக்கல. யாராவது எழுதுங்க

பிரியா: அத்தை, அந்த அம்மா பெரிமாதான். ஏப்ரல் 25 பெரிப்பாவோட பென்ஷன் கார்டு நம்பர் போட்டு ஆர்டர் பண்ணியிருக்காங்க, அனுப்பற செலவு ரூ.430 போச்சு. பாட்டில் இன்னும் வரல. சனிக்கிழமை காலைல ரூ.8,000க்கு மேல எடுத்திருக்கான். எஸ்எம்எஸ் பெரிப்பா போனுக்கு வந்துச்சாம், அவர் குளிக்கப் போனப்ப பெரிமா அத அழிச்சிட்டாங்களாம்

செல்வம்: எஸ்எம்எஸ்ஸ அழிச்சா காசு திரும்ப வந்துடுமா அக்கா

மல்லிகா: ராத்திரி எல்லாம் சுடுதண்ணி ஒத்தடம் குடுத்து என் கைதான் வெந்துச்சு. வந்து பாத்தியா நீ. அவருக்கு எதுவும் தெரிய வேணாம். யாரும் சொல்லக் கூடாது

தினேஷ்: ஓடிபி யாருக்கு சொன்னீங்க

மல்லிகா: சாமி சத்தியமா கேக்கவே இல்லடா. கேட்டா குடுக்கக் கூடாதுன்னு எனக்கு தெரியும். அவன் கேக்கலியேன்னுதான் நல்ல கம்பெனின்னு நெனச்சேன்

மூர்த்தி: அண்ணி, அங்கேதான் ஏமாந்தீர்கள். ஓடிபி கட்டாயம் என்பது நம் நாட்டுக் கடைகளுக்கு. வெளிநாட்டு வெப்சைட் பல சமயம் கார்டு எண், தேதி, பின்னால் இருக்கும் மூன்று இலக்கம், இதை மட்டும் வைத்தே எடுத்துவிடும். 2020 அக்டோபருக்குப் பிறகு கொடுக்கும் கார்டில் வெளிநாட்டு உபயோகம் அடைத்துத்தான் வரும். நாமாகத் திறந்தால்தான் உண்டு. அதைத் திறந்தது யார்?

தினேஷ்: நான்தான். போன வருசம் சிங்கப்பூர் போனப்ப தொறந்து குடுத்தேன். வந்து மூட மறந்துட்டேன்

மல்லிகா: பாத்தியா. எல்லாரும் என்னியே சொல்லுங்க

பிரியா: ஒரு நிமிஷம். காசு கெடக்கட்டும். பெரிமா, பெரிப்பா அந்த எண்ணெய குடிக்கவா, தடவவா?

மல்லிகா: நாக்குக்கு அடில 10 சொட்டுன்னு போட்டிருந்திச்சு

பிரியா: அவர் வால்வு ஆபரேஷன் ஆனவரு பெரிமா! மாசாமாசம் ஐஎன்ஆர்னு ரத்த டெஸ்ட் பாத்து, ரத்தம் கட்டாம இருக்க குடுக்கற வார்ஃபரின் மாத்திரைய அரை, முக்கால்னு கணக்கு பண்ணிகினு கீறோம். சிபிடி உள்ள போனா அந்த மாத்திர உடம்ப விட்டு சீக்கிரம் போவாது. ரத்தம் இன்னும் இளகிடும். பல் விளக்குனா ரத்தம், எங்கியாவது இடிச்சா உள்ள கசியும். பாட்டில் வராததே கெங்கையம்மா புண்ணியம்

சுமதி: 🙏🙏

சுமதி: அப்ப அண்ணனுக்கு கறி போடலாமா

பிரியா: கறி போடலாம் அத்தை. கீரைதான் ஒருநாள் நிறைய ஒருநாள் இல்லாமன்னு இருக்கக் கூடாது

செல்வம்: யாராவது வரப்ப இலவம்பாடி முள்ளு கத்திரிக்கா வாங்கிகினு வாங்க. ஆரணில கத்திரிக்கான்னு விக்கறது எல்லாம் தண்ணி. பிரியாணிக்கு தொட்டுக்க அதான் சரி

மூர்த்தி: இப்போது கத்திரிக்காய் முக்கியமா?

செல்வம்: புவிசார் குறியீடு வாங்குன கத்திரிக்கா, மரியாதையா பேசுங்க

8.15

மூர்த்தி: அண்ணி, நான் 31 வருடம் பேங்க்கில் இருந்தவன், சொல்வதைக் கேளுங்கள். ரிசர்வ் பேங்க் 2017 ஜூலையில் ஒரு விதி கொண்டுவந்தது. நமக்குத் தெரியாமல் மூன்றாம் ஆள் எடுத்த பணத்தை, தகவல் வந்து 3 வேலை நாளுக்குள் பேங்க்கில் சொன்னால் நஷ்டம் நம் தலையில் விழாது. 4 முதல் 7 நாள் என்றால் ஒரு பகுதி நம்முடையது. சனிக்கிழமை தகவல் வந்தது. அது இரண்டாம் சனி, லீவு. ஞாயிறு லீவு. நேற்று ஒன்று, இன்று இரண்டு. நாளையோடு சரி. ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது, மறைக்க மாட்டேன். கார்டு எண்ணை நீங்களே போட்டீர்கள், டிக்கும் இருந்தது, அதனால் இது மோசடி இல்லை, நீங்கள் ஒத்துக்கொண்டதுதான் என்று பேங்க் சொல்லலாம். அப்போது டிஸ்ப்யூட், அதாவது இந்தப் பணம் எடுத்ததை ஏற்கவில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பொருள் வரவில்லை, மாதாமாதம் எடுப்பான் என்று தெரியும்படி சொல்லவில்லை, இந்த இரண்டையும் எழுத வேண்டும். தினேஷ் அந்தப் பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வை, டிக்கும் சாம்பல் எழுத்தும் தெரியணும். நாளைக்கு அந்தப் பக்கமே இருக்காது. அதற்கெல்லாம் முன்னால் கார்டை பிளாக் பண்ணுங்கள். சைபர் கிரைம் உதவி எண் 1930க்கும் போன் போடுங்கள். அந்தக் கம்பெனிக்கு ஒரு மெயில், ரத்து என்று. பதில் வராது, ஆனால் அனுப்பினோம் என்று கையில் இருக்கும். எங்கள் காலத்தில் இதெல்லாம் கிடையாது, டிமாண்ட் டிராஃப்ட் எடுக்க

மூர்த்தி: பாதியில் போய்விட்டது. சரி.

செல்வம்: படிச்சு முடிக்கறதுக்குள்ள 3 நாள் முடிஞ்சிடும் போல

தினேஷ்: ஸ்க்ரீன்ஷாட் எடுத்துட்டேன். கார்டு பிளாக் பண்ண அப்பா போனுக்கு ஓடிபி வரும்

மல்லிகா: அவருக்கு தெரியக் கூடாதுன்னு சொல்றேன்ல

மூர்த்தி: சனிக்கிழமையே சொல்லியிருந்தால் அன்றைக்கே முடித்திருக்கலாம். மூன்று நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தால் எப்படி அண்ணி?

மல்லிகா: நான் மூணு நாள். நீ எத்தினி மாசம் தம்பி வாய மூடிகினு இருந்த? மாச வட்டி கம்பெனி ஷட்டர இழுத்து பூட்டுன பின்னாடியும் எட்டு மாசம் யார்கிட்டயும் மூச்சு வுடல. அதுல என் ரெட்ட வட செயினும் போச்சு. நான் அத இத்தினி நாள் இந்தக் குரூப்ல எழுதுனேனா?

சுமதி: அண்ணி

பிரியா: பெரிமா, காலங்காத்தால வேணாம்

செல்வம்: பேங்க்ல 31 வருசம்

மூர்த்தி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

8.40

கவிதா: எல்லாரும் ஏன் அமைதியாயிட்டீங்க

கவிதா: அத்தை, நீங்க ஏமாந்தது புதுசு இல்ல. இங்க 2018ல சட்டம் வந்து, காஞ்ச எடைல 0.3 சதவீதத்துக்கு மேல டிஹெச்சி, அதான் போதை ஏத்தற சமாச்சாரம், இல்லாத ஹெம்ப்ப பயிர் பண்ணலாம்னு ஆச்சு. அதுக்கப்பறம் பெட்ரோல் பங்க்ல கூட சிபிடி மிட்டாய் கீது. ஆனா மருந்துன்னு கவர்ன்மெண்ட் ஒத்துகிட்டது ஒண்ணே ஒண்ணு, அதுவும் குழந்தைங்களுக்கு வர்ற அரிய வகை வலிப்புக்கு. முட்டிக்கு இல்ல. 2020 டிசம்பர்ல 6 கம்பெனிய புடிச்சாங்க, கேன்சர் போவும் சக்கரை போவும்னு விளம்பரம் போட்டதுக்கு

கவிதா: இன்னொண்ணு. ஆன்லைன்ல வாங்குன 84 சிபிடி சரக்க ஆராய்ச்சி பண்ணி 2017ல வெளியிட்டாங்க. 26லதான் லேபிள்ல போட்ட அளவு சரியா இருந்துச்சு. 18ல டிஹெச்சி இருந்துச்சு. நல்ல கம்பெனின்னா பாட்டில்ல பேட்ச் நம்பர் இருக்கும், அந்த பேட்ச்சுக்கு வெளி லேப் ரிப்போர்ட் இருக்கும், பாட்டிலுக்கு எத்தினி மில்லிகிராம்னு போட்டிருப்பான். சும்மா ஹெம்ப் எண்ணெய்னு போட்டா அது வெத எண்ணெயா இருக்கும். அதுல சிபிடியே கிடையாதுன்னு சொல்லலாம். நல்லெண்ணெய் மாதிரி ஒண்ணு

சுமதி: அப்ப நல்லெண்ணெயே தடவியிருக்கலாம்

செல்வம்: அந்த பார்சல் வந்தா போலீஸ் வருமா? நாளைக்கு பேப்பர்ல சத்துவாச்சாரியில கஞ்சா மல்லிகான்னு வரப்போவுது

மல்லிகா: செல்வம் நீ செருப்படி வாங்குவ

மூர்த்தி: வெறும் விதை எண்ணெய் என்றால் பயமில்லை. 1985 போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சா என்றால் பூவும் காயும் பிடித்த நுனி. பிசினும் குற்றம். நுனியோடு சேராத இலையும் விதையும் அந்தக் கணக்கில் வராது. 2021 நவம்பரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதை, விதை எண்ணெய், விதை மாவு மூன்றையும் உணவாக விற்க அனுமதித்தது. எண்ணெயில் கிலோவுக்கு டிஹெச்சி 10 மில்லிகிராம் தாண்டக் கூடாது. ஆனால் அந்த பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? பார்சல் வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள், பிரிக்காதீர்கள், திருப்பி அனுப்புங்கள்.

மூர்த்தி: உங்கள் பெயர், விலாசம், போன் நம்பர் மூன்றும் இப்போது அவர்களிடம் இருக்கிறது. நாளைக்கே ஒருத்தன் யூனிஃபார்மில் வீடியோ காலில் வந்து, உங்கள் பார்சலில் போதைப்பொருள், டிஜிட்டல் அரெஸ்ட் என்பான். சட்டத்தில் அப்படி ஒரு அரெஸ்டே கிடையாது. கட் பண்ணிவிட்டு எனக்குப் போடுங்கள்.

மூர்த்தி: செயின் விஷயம் நேரில் பேசலாம் அண்ணி.

மல்லிகா: சரி தம்பி. சாப்டியா

மூர்த்தி: இன்னும் இல்லை. பத்து மணிக்கு வண்டி எடுத்துகினு வரேன், பேங்க் போலாம்.

தினேஷ்: சித்தப்பா அப்பாவும் வரணும், அக்கவுண்ட் அவர் பேர்ல

மல்லிகா: கரண்ட் பில் விசயமா கூப்டறாங்கன்னு சொல்லி கூட்டிகினு போலாமா

பிரியா: பேங்க்குக்கா?

சுமதி: ஒரு சந்தேகம். ராமலிங்கம் அண்ணன் இந்தக் குரூப்லதான கீறாரு?

மல்லிகா: அவரு இத பாக்கவே மாட்டாரு. 600 மெசேஜ் பாக்காம கெடக்குது

9.22

ராமலிங்கம்: பார்த்தேன்

தினேஷ்: 😶

ராமலிங்கம்: சனிக்கிழமை குளிக்கப் போகும் முன்பே மெசேஜ் பார்த்துவிட்டேன். தினேசு எடுத்தான் என்று நினைத்தேன். திருவிழா சமயம் சண்டை வேண்டாம் என்று கேட்கவில்லை

தினேஷ்: நானா?? நான் ஏன்ப்பா உங்க பென்ஷன எடுக்கறேன்

ராமலிங்கம்: முன்பு எடுத்தாயே பைக்குக்கு

தினேஷ்: அது காலேஜ்ல

செல்வம்: மாமா, முட்டி எப்டி கீது?

ராமலிங்கம்: வலிக்கிறது

மல்லிகா: தோச ஊத்திட்டேன் வாங்க

மூர்த்தி: அண்ணா, பாஸ்புக்கும் கார்டும் எடுத்து வையுங்கள். வெயிலுக்கு முன்னால் போய்விடலாம்.

ராமலிங்கம்: பத்து மணி வேண்டாம். ராகு காலம் முடிந்து, 4.30க்கு மேல்

மூர்த்தி: 4.30க்கு பேங்க்கில் யார் இருப்பார்கள்!! ராகு காலமே செவ்வாயில் 3க்குத்தான் ஆரம்பம்!

ராமலிங்கம்: அப்படியானால் நாளைக்கு

தினேஷ்: அப்பா கார்ட மட்டுமாவது இப்ப பிளாக் பண்ணிடலாம். உங்க போனுக்கு 6 நம்பர் வரும், சொல்லுங்க

ராமலிங்கம்: யாருக்கும் சொல்லக் கூடாது என்று அதிலேயே போட்டிருக்கிறது

பிரியா: 🤦

செல்வம்: இன்னொரு விசயம். யாரும் திட்டக் கூடாது

செல்வம்: காலைல அக்கா அனுப்புனத பாதிதான் பாத்தேன். ஆரணில தறிக்காரங்க குரூப்புக்கு ஃபார்வேர்ட் பண்ணிட்டேன். அங்க எல்லாருக்கும் முட்டி வலி

தினேஷ்: மாமா அழிங்க. எல்லாருக்கும்னு இருக்கும், அத அழுத்துங்க

செல்வம்: எனக்கு மட்டும்னு அழுத்திட்டேன் போல. எனக்கு இப்ப தெரியல. அவங்க கேள்வி கேட்டுகினு கீறாங்க, தடவறதா குடிக்கறதான்னு

சுமதி: கறிக்கடைக்காரர் போன் பண்றாரு. 8ன்னு சொல்லிட்டேன்