பெயரில் புள்ளி இருந்தால் கோப்புறை இரண்டாக உடைகிறது: உதவி தேவை

கேள்வி:
பழைய சேவையகத்திலிருந்து புதியதற்கு என் அஞ்சல்களை நேற்று மாற்றினேன். அங்கே "பதிப்பு 2.1" என்பது ஒரே கோப்புறை. இங்கே "பதிப்பு 2" என்று ஒன்று சாம்பல் நிறத்தில் நிற்கிறது, சொடுக்கினால் திறக்கவில்லை. அதற்குள்ளே "1" என்று இன்னொன்று. ஆறு ஆண்டு அஞ்சல்கள் இதில் மாட்டிக்கொண்டிருக்கின்றன. ஏதாவது தொலைந்திருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

பதில் 1:
பதற வேண்டாம், அஞ்சல்கள் "1"-க்குள் பத்திரமாக இருக்கும். கோப்புறை நிலைகளை இன்ன குறியால்தான் பிரிக்க வேண்டும் என்று ஐமேப் (அஞ்சல் செயலியும் சேவையகமும் பேசிக்கொள்ளும் நெறிமுறை) விதிக்கவில்லை. அது சேவையகத்தின் விருப்பம். பழையதில் சாய்கோடு இருந்திருக்கும், புதியதில் புள்ளி. சாம்பல் நிறத்தில் நிற்பது உண்மையான கோப்புறையே அல்ல. "1"-க்கு மேலே ஒரு பெயர் வேண்டுமே என்று காட்டப்படுவது.

லிஸ்ட் "" "" என்று கட்டளை அனுப்பிப் பாருங்கள். சேவையகம் தன் பிரிப்புக்குறியைச் சொல்லிவிடும். இடமாற்றக் கருவி முதலில் கேட்டிருக்க வேண்டியதே இதுதான். கேட்காமல் பெயரை அப்படியே நகலெடுப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

கேட்டவர்:
புள்ளி என்றே பதில் வந்தது. சேவையக மென்பொருள் டவ்காட், நிர்வாகமும் என்னிடம்தான். பிரிப்புக்குறியைச் சாய்கோடாக மாற்றினேன். இப்போது புள்ளியுள்ள பெயரையே ஏற்க மறுக்கிறது!

பதில் 2:
நீங்கள் மாற்றியது வெளியே காட்டும் குறியை மட்டும். வட்டில் மெயில்டிர்++ என்ற சேமிப்பு அமைப்பு இருந்தால், கோப்புறைகள் எல்லாம் ஒரே அடுக்கில், புள்ளியால் கோத்த பெயர்களோடு கிடக்கும். அதனால் பெயருக்குள் புள்ளிக்கு இடமில்லை. லிஸ்ட்எஸ்கேப் செருகுநிரலைச் சேருங்கள். அது பெயரிலுள்ள புள்ளியை வேறு குறியீடாக்கிச் சேமிக்கும். பிறகு "பதிப்பு 2/1" என்பதை "பதிப்பு 2.1" என்று பெயர் மாற்றலாம். வரும் அஞ்சல்களைக் கோப்புறைகளில் பிரித்துப் போடும் சீவ் வடிகட்டிகளில் பழைய குறியோடு எழுதிய பெயர்களையும் திருத்துங்கள். நான் அதை மறந்து ஒரு நாள் முழுக்க அஞ்சல்களைத் தேடியிருக்கிறேன்.

வட்டில் தமிழ்ப் பெயர்கள் & குறியில் தொடங்கி - குறியில் முடியும் எழுத்துக் குவியலாகத் தெரிந்தால் அழித்துவிடாதீர்கள். அது ஐமேப்புக்கென்று திருத்திய யுடிஎஃப்-7 என்ற எழுத்துக் குறியாக்கம். 2021-இல் வந்த ஐமேப் விதி ஆவணமான ஆர்எஃப்சி 9051 யுடிஎஃப்-8-க்கு மாறிவிட்டது, ஆனாலும் பழைய முறை இன்னும் பரவலாக இருக்கிறது.

கேட்டவர்:
செருகுநிரலைச் சேர்த்துப் பெயரை மாற்றினேன். கோப்புறை பட்டியலிலேயே இல்லை!

பதில் 2:
பெயர் மாறினால் சந்தா (கோப்புறையைப் பட்டியலில் காட்டச் சொல்லும் பதிவு) கூடவே வரும் என்று நம்ப முடியாது. புதிய பெயருக்குச் சந்தா செய்யுங்கள்.

கேட்டவர்:
வந்துவிட்டது, ஒரே கோப்புறையாக. எண்ணிப் பார்த்தேன், ஓர் அஞ்சலும் குறையவில்லை. இருவருக்கும் மிக்க நன்றி.